குரல்காப்பாளர்

கடலையே கொண்டுவந்து வாயில் ஊற்றினாலும் இந்தத் தாகம் அடங்காது போலிருக்கிறதே. சொல்லலாமா? சொன்னால் மாமி இன்னொரு செம்பு தண்ணீர் கொண்டுவருவாள். ரெக்சன் முதலில் என் மணிக்கட்டைப் பார்ப்பான். அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பான்.

ஜெனிட்டா சொல்லவில்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஐந்து மாத வயிறு மடியில் பூனைக்குட்டி போல ஒடுங்கியிருந்தது. இடது கையில் தெளிவுப்பட்டை சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பட்டை இப்போது ஊரில் எல்லார் கையிலும் இருந்தது. தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தை அது ஓயாமல் ருசி பார்க்கும். சர்க்கரை, உப்பு, தூக்கக் குறைவு, சாராயம் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, இந்த ஆள் இப்போது தெளிவாக யோசிக்கும் நிலையில் இருக்கிறாரா என்று சொல்லும். பச்சை எரிந்தால் அவர் சொல் செல்லும். சிவப்பு எரிந்தால் செல்லாது. வங்கியிலும் பத்திர ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் சொல்லும் ஆமாமும் இல்லையும் காற்றோடு போய்விடும். அவருக்காகப் பதிந்து வைத்திருக்கும் குரல்காப்பாளர் சொல்வதுதான் பதிவாகும்.

நினைவு தப்பிக் கிடக்கும் பெரியவர்களின் கட்டைவிரலை மையில் உருட்டி வீட்டை எழுதி வாங்குவது பட்டையைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்த பிறகுதான் நின்றது. துறைமுகத்தில் தூங்கி வழிந்தபடி கிரேனை இயக்கி ஆளை நசுக்குவதும் நின்றது. நல்ல சட்டம் என்றுதான் ஜெனிட்டாவும் நினைத்திருந்தாள். கல்யாணப் பதிவின்போது அவளுக்கு ரெக்சனும் ரெக்சனுக்கு அவளும் குரல்காப்பாளராகப் பெயர் கொடுத்தார்கள். கோவிலில் மோதிரம் மாற்றியபோது வராத நடுக்கம் அவளுக்கு அப்போது வந்தது. என் வாய் மூடிப்போனால் இவன் பேசுவான். அதைவிட ஒருத்தரை எப்படி நம்ப முடியும்?

அவள் வேலை பார்த்தது தூத்துக்குடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில். ஆளில்லாத சரக்குக் கப்பல்களைக் குரலால் கரைசேர்க்கும் வேலை. "இடது பக்கம், மெதுவாக" என்று அவள் சொன்னால் மலை போன்ற கப்பல் பசுமாடு மாதிரித் திரும்பும். போன மாதம் ஒரு காலையில் அவள் சொன்னாள், கப்பல் திரும்பவில்லை. மறுபடி சொன்னாள். அது நின்ற இடத்திலேயே நின்றது.

பக்கத்து நாற்காலியிலிருந்த இன்னாசி அண்ணன்தான் முதலில் கவனித்தார். "ஏ பிள்ள, கையப் பாரு. செவப்பு எரியுது. காலங்காத்தால எவன் வீட்டுக் கல்யாணத்துல என்னத்தக் குடிச்ச?"

"நா என்னத்தண்ணே குடிப்பேன்? தண்ணிதான். குடம் குடமாக் குடிக்கேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளுடைய கப்பலைத் தன் பொறுப்பில் வாங்கித் தானே கரைசேர்த்தார்.

டாக்டர் வாஹிதா காயல்பட்டினத்துக்காரர். எதையும் மேசைமேல் எடுத்து வைப்பதுபோல் சொல்லக்கூடியவர். "கழுத்துல, தைராய்டுக்குப் பின்னால நாலு குட்டிச் சுரப்பி இருக்கும்மா. ஒவ்வொண்ணும் ஒரு அரிசி அளவு. ரத்தத்துல கால்சியம் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்கிறது அதுங்க வேலை. உனக்கு அதுல ஒண்ணுல கட்டி. மொச்சைக்கொட்டை அளவு வளந்திருக்கு. கேன்சர் இல்ல. சாதுவான கட்டிதான். ஆனா அதுக்கு நிறுத்தத் தெரியல. எலும்புல இருக்கிற கால்சியத்த எடுத்து எடுத்து ரத்தத்துல கொட்டிக்கிட்டே இருக்கு."

"சாதுன்னா அப்படியே விட்டுறலாம்லா?" என்றான் ரெக்சன்.

"கட்டி சாது. அது பண்ற வேலை சாது இல்ல தம்பி. இந்தத் தாகம், வாந்தி, மறதி, எலும்பு வலி எல்லாம் அதனாலதான். நீங்க மசக்கைன்னு விட்டிருப்பீங்க."

ரெக்சனின் அம்மா லூர்து மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாதாவே, எலும்புக்கு நல்லதுன்னு நாந்தான தெனம் கேப்பக்கூழும் கால்சியம் மாத்திரையும் குடுத்தேன்?"

"மாத்திரைய நிறுத்திருங்க. இது கூழால வந்ததில்லம்மா, உங்க மேல தப்பில்ல." வாஹிதா மறுபடி ரெக்சனைப் பார்த்தார். "சின்ன ஆபரேஷன். அந்த ஒரு சுரப்பிய எடுத்துட்டா போதும். மயக்கம் குடுக்கிறதுக்கு இந்த மாசந்தான் கொஞ்சம் பத்திரமான காலம். விட்டா கால்சியம் ஏறிக்கிட்டே போகும். இவளுக்கும் ஆபத்து, வயித்துல இருக்கிறதுக்கும் ஆபத்து."

"எடுத்துருங்க டாக்டர்" என்றாள் ஜெனிட்டா.

வாஹிதா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். "நீ சொல்றது எனக்குக் கேக்குதும்மா. ஆனா பதிய முடியாது. கால்சியம் இவ்வளவு ஏறினா புத்தி மங்கும்னு பட்டைக்குச் சொல்லி வச்சிருக்காங்க." பிறகு, அந்த வாக்கியம் தனக்கே பிடிக்காதவர்போல், "தம்பி, நீங்கதான் சொல்லணும்" என்றார்.

ரெக்சனின் அக்கா ஜூடி நான்காம் மாதத்தில் குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவள். மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அன்று அக்காவைத் தாங்கிக் கூட்டிவந்தவன் ரெக்சன். அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன் டாக்டர்" என்றான்.

அவன் யோசித்துக்கொண்டே இருந்தான்.

வீட்டில் அவள் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்து அமுக்கிவிடுவான். குரல் உயராது. "அது நீ பேசல ஜெனி. அந்தக் கட்டி பேசுது. பிள்ள பொறக்கட்டும், உடனே எடுத்துருவோம். தெளிஞ்ச பொறவு நீயே எனக்கு நன்றி சொல்லுவ."

அதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். அவன் சொல்வதில் உண்மை இல்லாமலும் இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். மாமியை ஒருநாள் செத்துப்போன தன் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டியில் கிடந்த சாளை மீனைப் பார்த்துக்கொண்டே, அதன் பெயர் வாயில் வராமல் வெகுநேரம் நின்றாள். அப்படிப்பட்ட தலைக்குள்ளிருந்து வரும் ஒரு விருப்பத்தை யார் நம்புவார்கள்? அவளாலேயே நம்ப முடிகிறதா?

அவள் தனக்குள் இறங்கித் தேடிப் பார்த்தாள். தலை கொஞ்சம் லேசாக இருந்த காலைகளில் கேட்டுப் பார்த்தாள். பஞ்சு அடைத்ததுபோல் இருந்த மாலைகளிலும் கேட்டுப் பார்த்தாள். எப்போது கேட்டாலும் ஒரே பதில் வந்தது: எடுத்துவிடு, பிள்ளையும் நானும் பிழைக்க வேண்டும். கோபுரத்தில் மூடுபனி நாட்களில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஆனாலும் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் அவளுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. இதுவும் அப்படித்தான். ஆனால் இதை எந்தப் பட்டையிடம் போய்ச் சொல்வது?

மாமிக்குத் தன் மருமகள்மேல் ஒரு கடமை இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காது வடியும் என்று அவள் உறுதியாக நம்பினாள். ஜெனிட்டா மக்ரூன் என்றால் கடைத்தெருவுக்கு ஓடினாள். பனங்கிழங்கு கிடைக்காத காலத்தில் பனங்கிழங்கு என்றால், உடன்குடியில் யாருக்கோ போன் போட்டு வரவழைத்தாள். அன்று சாயங்காலமும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னைக்கு என்னத்துக்குட்டி ஆசையா இருக்கு? சொல்லு, வாங்கியாரேன்."

ஜெனிட்டா யோசிக்கவில்லை. அதுவாகவே வந்தது. "ஆபரேஷன் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு மாமி."

மாமி சிரித்தாள். "கோட்டி பிடிச்சவளே, அத எந்தக் கடையிலட்டி விக்கான்?" சிரித்துக்கொண்டே மருமகளின் முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஏல ரெக்சன், இங்க வா. இவ ஆசைன்னு கேட்டுட்டா. குடுத்துரு."

"அம்மா, இது என்ன மக்ரூனா?"

"எனக்கு மக்ரூனும் ஒண்ணுதான் இதுவும் ஒண்ணுதான். வயித்துப் பிள்ளக்காரி வாய் தெறந்து கேட்டா குடுக்கணும். உங்கப்பன், நீ வயித்துல இருக்கும்போது, நா கேட்டேன்னு அடமழையில கீழக்கரைக்குப் போய் தொதல் அல்வா வாங்கிட்டு வந்தான். எங்கையில பச்சையா செவப்பான்னா பாத்தான்? அப்ப ஏது பட்டை?"

"ஜூடிக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியாம்மா?"

ரெக்சன் கொல்லைப்புறம் போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தான். தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

ஆறாம் மாதக் கடைசியில் இடுப்பைக் கத்தியால் திருகுவதுபோல் வலி வந்தது. சிறுநீரகத்தில் கல். கால்சியம் படிந்து உண்டானதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சலைன் ஏற்றிக்கொண்டே வாஹிதா புதிதாக ஒரு வழி சொன்னார்.

"ரெண்டு மூணு நாள் இப்படி ஏத்துனா கால்சியம் கொஞ்சம் இறங்கும். பச்சை வரலாம். எவ்வளவு நேரம் நிக்கும்னு சொல்ல முடியாது. வந்த உடனே மணிய அமுக்குங்க, எங்க இருந்தாலும் ஓடி வந்துருவேன். அவ வாயாலயே கேட்டுக்கிறேன். அவ ஆமான்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் சிவப்பானாலும் அந்தச் சொல் செல்லும்."

மணியின் பொத்தான் கட்டிலின் தலைமாட்டில், உட்காருகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. மாமியும் ரெக்சனும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஜெனிட்டா தூங்காமல் இருக்கப் பார்த்தாள். பட்டையைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மாமி மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவளையும் மீறிக் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது ரெக்சன் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மின்விசிறி ஓடியும் அவன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பட்டை சிவப்பாக எரிந்தது.

"பச்சை வந்துச்சா?"

"இல்ல" என்றான்.

அதன் பிறகு எவ்வளவு ஏற்றியும் கால்சியம் இறங்கவில்லை. ஏறத்தான் செய்தது. எட்டாம் மாதம் தொடங்கியதும் ஒரு காலையில் ஜெனிட்டா யாரையும் அடையாளம் தெரியாமல் எதையோ முனகினாள். பிறகு முனகலும் நின்றது. உயிருக்கு ஆபத்து என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. வாஹிதா அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். அடுத்துக் கழுத்து.

பெண் குழந்தை. ஒரு கையில் அடங்கும். பிறந்து சில நாட்களில் அதற்கு வலிப்பு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சின்னக் கை வெட்டி வெட்டி இழுப்பதை ஜெனிட்டா சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தாள்.

"உன் ரத்தத்துலேருந்து வேண்டிய அளவுக்கு மேலயே கால்சியம் வந்துக்கிட்டு இருந்ததா, அவளோட சுரப்பிங்க தூங்கிருச்சு" என்றார் வாஹிதா. "வெளிய வந்ததும் அவளுக்குக் கால்சியம் பத்தல. மருந்து ஏத்துறோம். அதுங்க முழிச்சுக்கும். பயப்படாத." பிறகு, "உன் கட்டி பெருசாகி, குரலுக்குப் போற நரம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. அவசரத்துல செஞ்சது. நரம்பு தேறலாம். எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியல" என்றார்.

ஜெனிட்டா பதில் சொல்ல வாய் திறந்தாள். பழைய கதவின் கீல் போல ஒரு கரகரப்புத்தான் வந்தது. இந்தக் குரலை எந்தக் கப்பல் கேட்கும் என்று நினைத்தாள். மணிக்கட்டில் பட்டை பச்சையாக எரிந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டதுபோல் தலை தெளிந்திருந்தது. சாளை, பால், மாமி, எல்லாப் பெயரும் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் உள்ளே போய் அந்தப் பழைய கேள்வியையும் கேட்டுப் பார்த்தாள். பதில் மாறவில்லை.

வலிப்பு நின்று, குழந்தை மூன்று சொட்டுப் பாலைத் தானாக விழுங்கிய அன்று ரெக்சன் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றபடி சொன்னான்.

"அன்னைக்கு மத்தியானம் பச்சை எரிஞ்சுது ஜெனி."

அவள் நிமிர்ந்தாள்.

"நாளைக்குச் சட்ட ஆபீஸ்லேருந்து வாராவ. பட்டைக்குள்ள இருக்கத அவங்க மட்டும் தெறந்து பாக்கலாம். பாத்துட்டாவ. அவங்க வாயால நீ கேக்கக்கூடாதுன்னுதான்..."

"எவ்வளவு நேரம்?" குரல் அவனுக்கு எட்டவில்லை. அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"ஏன் எழுப்பல?"

"நீ தூங்கி எத்தன நாளாச்சுன்னு..." அவன் நிறுத்தினான். பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டான். "இல்ல. அது பொய். எழுப்புனா ஆமான்னு சொல்லிருவன்னு பயந்துட்டேன். செவப்பாயிராதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். செவப்பானதும் மூச்சு வந்துச்சு எனக்கு. அதத்தான் என்னால மறக்க முடியல."

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. ஒரு மணி நேரம் பச்சை வெளிச்சத்துக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் மணியை வைத்துக்கொண்டு, அவள் கையையும் விடாமல் உட்கார்ந்திருந்த ஒருவனைத்தான் பார்த்தாள். அவன் பயந்தது தன் பிள்ளைக்காக. அவளுக்காகவும்தான். சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் அவன் விரலைப் பிடித்தாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பிடித்தபடியே இருந்தாள். ஆனால் உள்ளே எங்கோ ஒரு பெண், முகம் சிவப்பு வெளிச்சத்தில் நனைந்தவள், இன்னும் தூங்காமல் விழித்திருந்தாள். யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தாள்.

மறுநாள் வந்த அலுவலர் சங்கரவடிவு. நடுத்தர வயதுப் பெண், தணிந்த குரல். பதிவுக்கருவியை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் குழந்தையைத்தான் விசாரித்தாள்.

"பால் குடிக்கா? நல்லது, நல்லது. பாருங்கம்மா, பச்சை எரிஞ்சும் கூப்பிடலைன்னா நாங்க வந்து கேட்டே ஆகணும். பயப்படுத மாதிரி ஒண்ணும் இல்ல. 'நான் விழித்திருந்தாலும் என் குரல்காப்பாளர் செய்ததையே செய்திருப்பேன்' அப்படின்னு ஒரு வார்த்த. உங்க பட்டை இப்போ பச்சையாத்தான இருக்கு, செல்லும். இத்தோட முடிஞ்சுது."

"சொல்லலைன்னா?" ஜெனிட்டா கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்து மாமிதான் எடுத்துச் சொன்னாள்.

"சொல்லலைன்னா, சார் இனிமே யாருக்கும் குரல்காப்பாளரா இருக்க முடியாது. உங்களுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி. பெத்த பிள்ளைக்கு ஒரு ஊசி போடணும்னாகூட அவர் சொல் செல்லாது." சங்கரவடிவு பெருமூச்சு விட்டாள். "எதுக்கும்மா அதெல்லாம்? நல்ல மனுஷனாத் தெரியுதாரு."

மாமி அவள் தோளைத் தொட்டாள். "எனக்கும் அவன் மேல கோவம்தான்ட்டி. ராத்திரி சோறு போடல அவனுக்கு. ஆனாலும் அவன் திருடலையே, பயந்துட்டான். பிள்ளைக்குத் தகப்பன் வாய் வேணாமா? சும்மா ஒரு வார்த்த, சொல்லிரு."

அறையில் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை எரியும்போது மணிக்கட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சொல்லிவிடலாம். சொல்வது எவ்வளவு எளிது. இந்தத் தெளிந்த வாயால் ஒரு பொய் சொன்னால் அது சட்டப்படி உண்மையாகிவிடும். வீட்டுக்குப் போகலாம். ஆனால் அன்றைக்கு, பாலை மறந்து, மீனின் பெயரை மறந்து, தாகத்தோடு உட்கார்ந்து 'எடுத்துருங்க' என்று திரும்பத் திரும்பக் கேட்டாளே ஒருத்தி, அவள் அப்புறம் எங்கேயும் இருக்க மாட்டாள். அவள் சொன்னதைக் காதால் கேட்டவர்கள் உண்டு. கேட்டுப் பதிந்தவர்கள் யாரும் இல்லை. அவளுக்குக் குரல்காப்பாளர் என்று யார் இருக்கிறார்கள், என்னைத் தவிர?

ஜெனிட்டா பேசினாள். கருவி சிறிதாக ஒலியெழுப்பி, 'குரல் கிடைக்கவில்லை' என்றது.

"பாவம், தொண்டை சரியாகல" என்றாள் சங்கரவடிவு. "ஒண்ணும் பிரச்சினை இல்ல. இன்னும் சார்தான் பதிவுல இருக்காரு. அவங்க என்ன சொன்னாங்கன்னு பாத்து நீங்க சொல்லுங்க சார்."

ரெக்சன் எழுந்தான். அவன் அவள் உதட்டைப் பார்த்திருந்தான். என்ன சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும். முகம் வெளுத்திருந்தது, ஆனாலும் அவன் கருவியின் பக்கம் குனிந்தான். இந்த முறை இவன் சரியாகச் சொல்லுவான் என்று அவளுக்குத் தெரிந்தது. தனக்கு எதிரான அந்தச் சொல்லை, ஒரு எழுத்துக் குறையாமல் சொல்லுவான்.

அவள் அவன் கையின்மேல் தன் கையை வைத்து அவனை நிறுத்தினாள். தலையை அசைத்தாள். கருவியை மெல்லத் தன் பக்கம் இழுத்து, உதடு அதில் படும் அளவுக்குக் குனிந்தாள்.

"இல்லை" என்றாள்.